முதுகுவலி ஸ்கேன்: டிஸ்க்கை வீட்டுக் கம்ப்யூட்டரில் திறப்பது எப்படி?

உங்கள் வீட்டில் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைக்குக் கீழ் முதுகுவலி என்று ஸ்கேன் எடுத்தீர்களா? ஃபிலிமுடன் ஒரு டிஸ்க்கும் தந்திருந்தால் அதை உறையிலேயே விட்டுவிடாதீர்கள். புதுக்கோட்டையில் ஸ்கேன் எடுத்து, திருச்சியிலோ மதுரையிலோ வேறு டாக்டரிடம் காட்டுபவர்களுக்கு அதுதான் பெரிய உதவி.

டிஸ்க்கில் என்ன இருக்கிறது?

படங்கள் 'டைகாம்' என்ற வகையில் இருக்கும். 1993-ல் இப்பெயரில் வந்த உலகப் பொதுத்தரம் இது. சாதாரண ஜேபெக் படத்தில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 256 நிலைகள்தான். சி.டி. ஸ்கேனில் 4,096 நிலைகள் வரை உண்டு. எனவே ஃபிலிமை செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், டாக்டருக்குத் தேவையான நுணுக்கம் போய்விடும்.

திறக்கும் முறை

1. டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் காப்பி செய்யுங்கள். லேப்டாப்பில் டிரைவ் இல்லையென்றால் யுஎஸ்பி டிரைவ் போதும்.
2. ஃபைல்களின் பெயரை மாற்றாதீர்கள்.
3. டிஸ்க்கிலேயே வியூவர் இல்லையென்றால் 'மைக்ரோடைகாம்' அல்லது 'வீசிஸ்' மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். வீட்டு உபயோகத்திற்கு இரண்டும் இலவசம்.
4. அதில் 'டைகாம்டிர்' என்ற ஃபைலைத் திறந்து மவுஸ் வீலை உருட்டுங்கள். முதுகெலும்பு அடுக்கடுக்காக நகரும்.

எந்த ஸ்கேன் எதற்கு?

வேகப்பந்து வீசும் பிள்ளைகளுக்குக் கீழ் முதுகெலும்பின் பின்வளையத்தில் மெல்லிய விரிசல் வரலாம். 2019-ல் பும்ராவுக்குக் கீழ் முதுகில் இருந்த விரிசல், வழக்கமான ஸ்கேன் பரிசோதனையில்தான் தெரியவந்தது. இத்தகைய விரிசல் ஆரம்ப நிலையில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ.யில் தெரியும். எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சும் இல்லை. சி.டி. ஸ்கேன் எலும்பைத் துல்லியமாகக் காட்டும். ஆனால் கதிர்வீச்சு உண்டு. வளரும் வயதில் தேவையில்லாமல் எடுக்கக் கூடாது.

நீங்களே முடிவு கட்டாதீர்கள்!

திரையில் ஜவ்வு பிதுங்கியதுபோல் தெரிந்தால் பயப்பட வேண்டாம். 1994-ல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பெரியவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, 52 சதவீதம் பேருக்கு ஜவ்வுப் பிதுக்கம் இருந்தது. படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணமல்ல. படத்தையும் பிள்ளையையும் சேர்த்துப் பார்க்கும் டாக்டர்தான் முடிவு சொல்ல முடியும்.

அதேபோல எல்லா வலிக்கும் ஸ்கேன் தேவையில்லை. ஆனால் காய்ச்சல், இரவில் எழுப்பும் வலி, எடை குறைதல், கால் பலவீனம், சிறுநீர் கழிப்பதில் சிரமம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று: டைகாம் ஃபைலுக்குள் பிள்ளையின் பெயரும் பிறந்த தேதியும் இருக்கும். டாக்டரைத் தவிர யாருக்கும் அனுப்பாதீர்கள். பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்து, ரிப்போர்ட்டுடன் பத்திரமாக வையுங்கள்.