வாகனத் தரிப்பிடத்துக்குச் சூரிய விளக்கு



யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணை வீதியால் தீவகத்துக்குச் செல்லும்போது முதலில் எதிர்ப்படுவது மண்டைதீவு. அவ்வீதியாலே வேலணை, புங்குடுதீவு ஆகியவற்றைக் கடந்தால் குறிகட்டுவான் இறங்குதுறையை அடையலாம். நயினாதீவு, நெடுந்தீவு செல்வோர் தமது வாகனங்களை அங்கே நிறுத்திவிட்டுப் படகேறுவர். மண்டைதீவிலும் 2025 செப்டெம்பர் 1 ஆம் திகதி சர்வதேச துடுப்பாட்ட மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மக்கள் கூடும் இத்தகைய இடங்களுக்குத் தரிப்பிடம் வேண்டும். தரிப்பிடத்துக்கு இரவில் வெளிச்சம் வேண்டும். இருளில் தனியே வாகனத்தைத் தேடிச் செல்லும் ஒருவருக்கு ஒரு விளக்கின் பெறுமதி நன்கு தெரியும்.

1. தனித்தியங்கும் தொகுதி என்றால் என்ன?

தேசிய மின் வலையமைப்புடன் இணைக்கப்படாது, தனக்கு வேண்டிய மின்னைத் தானே பெற்றுச் சேமித்துப் பயன்படுத்தும் தொகுதியே இதுவாகும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளும் கடலால் பிரிக்கப்பட்டிருப்பதால் அவ்வலையமைப்புடன் இணைக்கப்படாதிருந்தன. அவற்றுக்குச் சூரியன், காற்று, மின்கலம், டீசல் ஆகியவற்றை ஒன்றிணைத்த மின் தொகுதிகளை அமைக்க, இந்தியாவின் நன்கொடையுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் செய்யப்பட்டது. அங்கே ஒரு தீவுக்குச் செய்யப்படுவதை, சூரிய வீதி விளக்கு ஒரு கம்பத்தில் சிறிய அளவில் செய்கிறது.

மண்டைதீவு அவ்வாறு கடலால் துண்டிக்கப்பட்ட தீவன்று. எனவே மின்கம்பி அருகில் இருந்தால் சாதாரண வீதி விளக்கே மலிவாக முடியலாம். கம்பி தொலைவில் உள்ள வெளியிலும், மின்வெட்டின்போதும் ஒளி தேவைப்படும் இடத்திலும் சூரிய விளக்கு பொருத்தமானது.

2. பிரதான பகுதிகள்

(அ) சூரியப் படல்: சிலிக்கன் கலங்களால் ஆனது. ஒளிச்சக்தியை மின்சக்தியாக மாற்றும்.
(ஆ) மின்னேற்றக் கட்டுப்படுத்தி: மின்கலம் அளவுக்கு மீறி மின்னேற்றப்படுவதையும், முற்றாக வெறுமையாவதையும் தடுக்கும்.
(இ) சேமிப்பு மின்கலம்: நாம் பற்றரி என்பது இதனையே. பகலிற் பெற்ற சக்தியை இரவுக்கு வைத்திருக்கும்.
(ஈ) எல்.ஈ.டி. விளக்கு: குறைந்த வலுவில் கூடிய ஒளியைத் தரும்.

3. கணித்துப் பார்ப்போம்

20 வாற்று விளக்கு ஒன்று 12 மணிநேரம் எரிவதாகக் கொள்வோம்.

ஓர் இரவுக்குத் தேவையான சக்தி = 20 × 12 = 240 வாற்று மணி.

வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் வானம் நாட்கணக்கில் மூடியிருக்கும். ஆகவே 3 இரவுகளுக்குச் சேமிக்க வேண்டும்.

240 × 3 = 720 வாற்று மணி.
12 வோல்ற்று மின்கலமாயின், 720 ÷ 12 = 60 அம்பியர் மணி.

ஈய அமில மின்கலத்தின் கொள்ளளவில் அரைவாசியை மட்டும் பயன்படுத்தினாலே அது நீண்ட காலம் உழைக்கும். எனவே 120 அம்பியர் மணி மின்கலம் வேண்டும்.

நாளொன்றுக்கு 4 மணிநேர முழு வெயிலுக்குச் சமமான ஒளி கிடைப்பதாகவும், அதில் 70 சதவீதமே பயன்படுவதாகவும் கொள்வோம்.

படலின் வலு = 240 ÷ (4 × 0.7) = ஏறத்தாழ 86 வாற்று.

இது அன்றைய இரவுக்கு மட்டுமே போதும். மழை நாட்களில் இழந்ததை மீண்டும் நிரப்ப 120 வாற்றுப் படலைத் தெரிவது நன்று.

சிக்கனத்துக்கும் வழியுண்டு. முதல் 5 மணிநேரம் முழு ஒளியிலும், மிகுதி 7 மணிநேரம் 6 வாற்றிலும் எரியவிட்டால், 100 + 42 = 142 வாற்று மணியே செலவாகும். ஆள் நடமாட்டத்தை உணரும் கருவியைப் பொருத்தினால், யாரேனும் வரும்போது மட்டும் ஒளி கூடும்.

4. தீவகத்தில் கவனிக்க வேண்டியவை

• நாம் வட அரைக்கோளத்தில் உள்ளோம். ஆகவே படல் தெற்கு நோக்கிச் சற்றுச் சரிந்திருக்க வேண்டும். சரிவாயிருந்தால் மழைநீர் தூசியையும் கழுவிச் செல்லும்.
• பனையின் நிழல் படலின் ஒரு பகுதியில் விழுந்தாலும் மின்னோட்டம் பெரிதும் குறையும்.
• உப்புக் காற்று இரும்பை அரிக்கும். நாகமுலாம் பூசிய கம்பங்களும் துருப்பிடிக்காத ஆணிகளும் தேவை.
• கடலேரிக் கரையில் பறவைகள் தங்குவதால் ஒளி கீழ்நோக்கி மட்டும் விழ வேண்டும்.

5. யார் பராமரிப்பது?

பாடநூலில் விடப்படும் வினா இதுவே. விளக்கை நாட்ட ஒரு நாள் போதும். அதை ஆண்டுக்கணக்கில் எரிய வைப்பதே பெரும் பணி. படலில் பறவை எச்சம் படியும். மின்கலம் சில ஆண்டுகளில் வலுவிழக்கும். அதை மாற்றப் பணம் ஒதுக்காவிட்டால் எஞ்சுவது இருளும் ஒரு வெறுங் கம்பமுமே. நன்கொடையாளர் விளக்கைத் தரலாம். அடுத்த மின்கலத்தை வாங்க வேண்டியது பெரும்பாலும் பிரதேச சபையும் ஊராருமே. ஆகவே திட்டமிடும்போதே அதற்கான தொகையையும் பொறுப்பாளரையும் குறித்துவிட வேண்டும். கட்டுரை வினா வந்தால் நன்மைகளை மட்டும் அடுக்காமல் இதனையும் எழுதுங்கள். உங்கள் விடை தனித்துத் தெரியும்.

பயிற்சி: மேற்கூறிய தரவுகளைக் கொண்டு, 12 மணிநேரம் எரியும் 30 வாற்று விளக்குக்குத் தேவையான ஈய அமில மின்கலத்தின் கொள்ளளவையும் படலின் ஆகக்குறைந்த வலுவையும் காண்க.

விடை: 180 அம்பியர் மணி, ஏறத்தாழ 129 வாற்று.