மீன்தொட்டியில் ஒரு கண்டல் மரம்

மாரி மழைத் தண்ணீர் முருங்கையின் அடியில் ஒரு கிழமை தேங்கி நின்றால் வேர் அழுகிவிடும். பப்பாசியும் அப்படியே. ஆனால் அதே தண்ணீரில் நெல் நிற்கிறது. குளக்கட்டில் மருதமரம் நிற்கிறது. களப்போரத்தில் கண்டல் உப்புத் தண்ணீருக்குள்ளேயே வேரூன்றி வளர்கிறது. இது எப்படி? வயலை விட்டு இடம்பெயர்ந்து, பத்துப் பேர்ச் காணிக்குள் வீடு கட்டியிருப்பவர்களும் இதைக் கண்ணால் பார்த்து அறியலாம். ஒரு கண்ணாடி மீன்தொட்டி இருந்தால் போதும். அதுவும் இல்லையென்றால் வாய் அகன்ற கண்ணாடிப் போத்தல் போதும்.

வேரும் மூச்சு விடுகிறது

மண்ணின் இடைவெளிகளில் இருக்கும் காற்றிலிருந்து வேர் ஒட்சிசனை எடுக்கிறது. தண்ணீர் தேங்கும்போது அந்த இடைவெளிகள் நிரம்பிவிடுகின்றன. முருங்கை மூச்சு முட்டிச் சாகிறது. நெற்பயிருக்கோ இலையிலிருந்து வேர்வரை காற்று இறங்கும் வழிகள் உடலுக்குள்ளேயே உண்டு.

கண்டலுக்கும் இத்தகைய வழி உண்டு. முட்டுக்கொடுத்ததுபோல் நிற்கும் அதன் வேர்களில், தண்ணீருக்கு மேலே உள்ள பகுதியில் சிறு மூச்சுத் துளைகள் இருக்கின்றன. கண்ணா மரம் சேற்றிலிருந்து விரல்களைப் போல வேர்களை மேலே நீட்டுகிறது. 1955 இல் ஷோலாண்டர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் கண்டல் வேரின் துளைகளைக் கிறீஸ் பூசி அடைத்துப் பார்த்தார்கள். சேற்றுக்குள் இருந்த வேரில் ஒட்சிசன் குறைந்துபோனது. தண்ணீருக்கு மேலே மூச்சு வழி திறந்திருக்கும்வரைதான் கண்டல் உயிரோடிருக்கும்.

வளர்க்கும் முறை

1. கண்டல் விதை மரத்தில் தொங்கும்போதே முளைத்து, நீண்ட முருங்கைக்காய் போல ஆகிவிடும். தானாக விழுந்து கிடக்கும் காயையே எடுங்கள்; மரத்திலிருந்து பறிக்க வேண்டாம். துளை விழுந்தவற்றைத் தள்ளிவிடுங்கள். தில்லை மரத்தை மட்டும் தொடாதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

2. கூரான முனை கீழே, சிறு மொட்டு உள்ள முனை மேலே இருக்கவேண்டும். அடிப்பகுதி இரண்டு மூன்று அங்குலம் மட்டும் தண்ணீரில் இருக்கும்படி தொட்டியின் விளிம்பில் கட்டிவிடுங்கள். மொட்டு தண்ணீருக்குள் போகக்கூடாது.

3. ஒரு பங்கு கடல் நீருடன் மூன்று பங்கு கிணற்று நீரைக் கலந்தால் போதும். வெயிலில் தண்ணீர் வற்றும், உப்பு வற்றாது. ஆகவே குறையும் அளவுக்கு நல்ல தண்ணீரையே ஊற்றுங்கள். மேலும் மேலும் உப்புத் தண்ணீர் ஊற்றினால் சில வாரங்களில் தொட்டி உப்பளமாகிவிடும்.

4. வெளிச்சம் வேண்டும். ஆனால் கண்ணாடியில் நேர்வெயில் பட்டால் தண்ணீர் சூடாகும், பாசியும் பிடிக்கும். தொட்டியின் வெயில் படும் பக்கத்தைக் கடதாசியால் மறைத்துவிடுங்கள்.

5. கப்பி, மொலி போன்ற மீன்கள் இலேசான உப்பைத் தாங்கும். மீன் கழிவை நுண்ணுயிர்கள் உரமாக மாற்ற, வேர் அதை எடுத்துக்கொள்கிறது. ஆனால் ஒரு கன்றால் தொட்டி முழுவதும் சுத்தமாகிவிடாது. கிழமைக்கு ஒரு தடவை கால்வாசித் தண்ணீரை மாற்றி, அதே அளவு உப்புக் கலந்த நீரை ஊற்றவேண்டும்.

6. மீன் இல்லாத தொட்டியையும் போத்தலையும் வலைத் துணியால் மூடுங்கள். தேங்கிய தண்ணீர் டெங்கு நுளம்புக்கு வீடாகிவிடும். மீன் இருந்தால் புழுக்களைத் தின்றுவிடும்.

சில வாரங்களில் வெள்ளை வேர்கள் இறங்கும். பிறகு மேலே இரண்டு இலைகள் விரியும். பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்திக் காட்டுங்கள்.

தொட்டியிலிருந்து களப்புக்கு

இது வெறும் பொழுதுபோக்கல்ல. 2004 டிசம்பர் 26 கடற்கோளில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் இறந்தார்கள். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது மக்கள் இழந்ததை யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதன்பின் கரைகளைக் காக்கவென்று இலங்கையின் பல இடங்களில் கண்டல் நடப்பட்டது. பலன் என்ன? ருகுணைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பெல்ஜிய ஆய்வாளர்களும் சேர்ந்து 23 இடங்களை ஆராய்ந்து 2017 இல் முடிவை வெளியிட்டார்கள். 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நடப்பட்டதில், பிழைத்தது ஏறத்தாழ 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டுமே. ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை.

பிழை பெரும்பாலும் கன்றில் இல்லை. நட்ட இடத்தில் இருந்தது. அலை அடிக்கும் திறந்த மணற்கரையில் கண்டல் நிற்காது. எப்போதும் ஆழமாகத் தண்ணீர் நிற்கும் இடத்தில் மூச்சு முட்டும். மாடு மேயும் கரையில் மிதிபட்டுப் போகும்.

நமது பக்கத்துக் களப்புகளுக்கு இன்னொரு தன்மை உண்டு. இங்கு ஏற்றவற்றம் குறைவு. கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபடும். மாரியில் வெள்ளம் ஏறும். ஆடியில் காய்ந்து கிடக்கும் கரை மார்கழியில் இடுப்பளவு தண்ணீராகிவிடலாம். ஆடியில் பார்த்து நட்ட கன்று மார்கழியில் முழுவதும் மூழ்கும். தொட்டியில் மொட்டை முழுக்கினால் என்ன நடக்குமோ அதுவே அங்கும் நடக்கும்.

ஆகவே நடுவதற்கு முன் மூன்று காரியங்கள் செய்யுங்கள். களப்பில் வலை வீசுபவர்களிடம் மாரி வெள்ளம் எதுவரை ஏறும், எத்தனை நாள் நிற்கும் என்று கேளுங்கள். கண்டல் தானாக முளைத்திருக்கும் இடத்தைத் தேடி, அதன் அருகிலேயே நடுங்கள். பிரதேச செயலகத்தில் விசாரித்து, அனுமதி தேவையெனில் பெற்றுக்கொள்ளுங்கள். தொட்டிக் கன்றை நேரே களப்பில் வைக்காமல், சேறு நிரப்பிய பையில் மாற்றி, களப்புத் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கூட்டி ஊற்றிப் பழக்குங்கள்.

கண்டல் வேர்களுக்கிடையில்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஒதுங்கி வளர்கின்றன. கரை மண் அரிபடாமல் அந்த வேர்கள் பிடித்துக்கொள்கின்றன. கடற்கோளை நிறுத்தும் மதில் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சரியான இடத்தில் நின்று வளர்ந்த பத்து மரங்கள், தவறான இடத்தில் நட்ட ஆயிரம் கன்றுகளைவிட மேலானவை. வயலில் எந்தப் பள்ளத்தில் எந்த நெல்லை விதைப்பது என்று பார்த்து விதைத்த கைகள் நம்முடையவை. அதே கண்ணோடு களப்பையும் பார்ப்போம்.