கறிச்சட்டியின் எண்ணெய்க் கணக்கு

முகையூர்ப் பக்கம் ஒரு ஏக்கர் மல்லாட்டை (நிலக்கடலை) சுமாராக வந்தால் ஒரு டன் காய் என்று வைத்துக்கொள்வோம். உடைத்தால் நூற்றுக்கு எழுபது பங்கு பருப்பு. அதாவது 700 கிலோ. செக்கில் ஒரு லிட்டர் எண்ணெய் இறங்க ஏறக்குறைய 2.3 கிலோ பருப்பு வேண்டும், காயாகச் சொன்னால் 3.3 கிலோ. ஆக ஏக்கருக்கு 300 லிட்டர், சென்டுக்கு 3 லிட்டர். ஞாயிற்றுக்கிழமை கறி வறுக்க 100 மில்லி எண்ணெய் ஊற்றும் வீடு வருஷத்துக்கு 5.2 லிட்டரை அந்த ஒரு பதார்த்தத்திலேயே செலவழிக்கிறது. ஒன்றேமுக்கால் சென்ட் மானாவாரிக் கொல்லை, விதைத்து, களை எடுத்து, பிடுங்கி, ஆய்ந்து, கடைசியில் வடச்சட்டியின் அடியில் முடிகிறது.

இந்தக் கணக்கை இந்த வட்டாரத்தில் வைத்துப் போடுவதற்குக் காரணம் உண்டு. இதே விழுப்புரம் மாவட்டத்துத் திண்டிவனத்தில்தான் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நிலக்கடலை ரகங்களின் பெயரில் வரும் டிஎம்வி என்ற மூன்று எழுத்து திண்டிவனத்தையே குறிக்கும். 1940இல் வெளியான டிஎம்வி 2 இந்தியா முழுக்கப் பரவிய ரகம். ஒரு சென்டில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் எடுப்பது எப்படி என்று பல பத்தாண்டுகளாக அங்கே உழைத்திருக்கிறார்கள். அப்படி எடுத்த எண்ணெயில் எவ்வளவைச் சட்டி வீணாகக் குடிக்கிறது என்பதைத்தான் யாரும் அளந்து பார்ப்பதில்லை.

நான்கு பேர் வீடு, வாரம் ஒரு கிலோ கறி, மெல்லிய தகரத்து வடச்சட்டி. இதுதான் நம் மாதிரி வீடு. 100 மில்லி எண்ணெய் எடையில் 91 கிராம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு உணவு வழிகாட்டியில், 2,000 கலோரி உண்ணும் ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் சொல்லப்படும் எண்ணெய் 27 கிராம். நான்கு பேருக்கு 108. ஞாயிறு மதிய வறுவல் ஒன்றே அதில் 91ஐ எடுத்துக்கொள்கிறது. காலை தோசைக்கும் ராத்திரி தாளிப்புக்கும் சேர்த்து மிச்சம் 17 கிராம், நாலு தேக்கரண்டிகூட வராது.

நாட்டுக் கணக்கும் இதே ஜாடைதான். நிதி ஆயோக்கின் 2024 அறிக்கைப்படி தலைக்கு ஆண்டுக்கு 19.7 கிலோ சமையல் எண்ணெய். 365ஆல் வகுத்தால் நாளுக்கு 54 கிராம், அந்த 27க்குச் சரியாக இரட்டிப்பு. 2023-24 எண்ணெய் ஆண்டில் இறக்குமதி சுமார் 160 லட்சம் டன், செலவு சுமார் 1.32 லட்சம் கோடி ரூபாய்.

எண்ணெயைக் குறைக்கும் பாத்திரம் என்றதும் கடைக்காரர் எடுத்துக் காட்டுவது வரிவரியாக மேடு வைத்த கிரில் சட்டி. இதே யோசனையின் பெரிய வெற்றிக் கதை அமெரிக்காவில் இருக்கிறது. குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் ஃபோர்மேன் பெயரில் சால்டன் நிறுவனம் 1994இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மின் கிரில், உலகம் முழுக்க 10 கோடிக்கு மேல் விற்றது. 1999இல் அந்தப் பெயரை நிரந்தரமாக வாங்க மட்டும் நிறுவனம் கொடுத்தது சுமார் 13.75 கோடி டாலர். மைக்கேல் பேம் என்பவர் யோசித்த அமைப்பு எளியது. இரண்டு சூட்டுத் தகடுகளுக்கு நடுவே கறி, தகடுகளில் மேடும் பள்ளமும், முன்பக்கம் சரிவு, சரிவின் அடியில் ஒரு தட்டு. உருகிய கொழுப்பு பள்ளத்தில் இறங்கித் தட்டில் சேரும்.

அமெரிக்கச் சமையலறைக்கு இது நியாயமான சாதனம்தான். 20 சதவீதம் கொழுப்புள்ள மாட்டுக்கறிக் கொத்தை ஒரு கிலோ சுட்டால் உள்ளே இருப்பது 200 கிராம் கொழுப்பு. பாதி வடிந்தாலே 100 கிராம். நம் கறிக்கு அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியல்படி பச்சை வெள்ளாட்டுக்கறியில் 100 கிராமுக்கு 2.3 கிராம் கொழுப்பு. ஒரு கிலோவுக்கு 23. பாதி வடிந்தால் 11.5 கிராம், இரண்டரைத் தேக்கரண்டி. இதற்காக ஒரு சரிவுத் தகடு, ஒரு வடிகுழாய், ஒரு தட்டு, அதைக் கழுவ ஒரு ஆள்! நம் சட்டியில் வடிய வேண்டிய கொழுப்பு பெரும்பாலும் ஆட்டினுடையது அல்ல, நாம் கொண்டுபோய் ஊற்றியது. ஊற்றியதை வடிப்பதற்குப் பாத்திரம் வடிவமைப்பதைவிட, ஊற்றத் தேவையில்லாதபடி வடிவமைப்பதுதான் இங்கே வேலை.

பிராய்லர் கோழி மட்டும் விதிவிலக்கு. தோலோடு 100 கிராமுக்கு 15 கிராம், தோல் உரித்தால் 3 கிராம். ஒரு கிலோவில் 120 கிராம் வித்தியாசம். இதைச் செய்துதரும் கருவி கறிக்கடையின் கத்தி, விலை எதுவும் இல்லை. ஆட்டுக்கறியிலும் எடைக்குச் சேர்த்துப் போடும் கொழுப்புத் துண்டு 50 கிராம் இருந்தால் மேலே சொன்ன 23 மூன்று மடங்காகிவிடும். “கொழுப்பு வேணாம்ணே” என்று தராசு இறங்கும் முன்பே சொல்வதற்கு ஈடான கிரில் சட்டி இன்னும் வரவில்லை.

வரிமேட்டுச் சட்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு. மேட்டின் அகலம் 3 மில்லிமீட்டர், ஒரு மேட்டின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவரை 12 மில்லிமீட்டர் என்றால் கறி இரும்பைத் தொடுவது கால் பங்குப் பரப்பில்தான். பெரிய துண்டை வாட்ட இது போதும், மேலே கறுப்புக் கோடு அழகாக விழும். நம் வறுவலோ துண்டு துண்டாக, வெங்காயமும் மிளகும் அரைத்த மசாலாவும் கூடிய ஈரச் சரக்கு. மசாலா பள்ளத்தில் இறங்கிக் கருகும், கரண்டியால் சுரண்டவும் முடியாது. வறுவலுக்கு அடி சமமாக இருக்க வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, சட்டிக்கு எண்ணெய் எதற்கு? இரும்புக்கும் கறிக்கும் நடுவில் இருக்கும் காற்றிடைவெளியை நிரப்பிச் சூட்டைக் கடத்த, புரதம் உலோகத்தில் ஒட்டாமல் பார்த்துக்கொள்ள, காரத்தையும் மணத்தையும் கரைத்துக்கொள்ள. 24 சென்டிமீட்டர் விட்டமுள்ள அடியின் பரப்பு 452 சதுர சென்டிமீட்டர். அதில் 100 மில்லி ஊற்றினால் 2.2 மில்லிமீட்டர் ஆழம். 30 மில்லி ஊற்றினால் 0.66 மில்லிமீட்டர். இடைவெளியை நிரப்ப இந்த 0.66 மில்லிமீட்டர்ப் படலமே தாராளம். மீதி ஒன்றரை மில்லிமீட்டர் எண்ணெய் செய்கிற வேலை வேறு. அது சட்டியின் மெலிவை மறைக்கிறது.

ஒரு கிலோ எடையுள்ள மெல்லிய சட்டியை 200 டிகிரிக்குக் காயவைத்து ஈரக்கறியைப் போட்டால், 100 டிகிரிக்கு இறங்குவதற்குள் அது தரும் வெப்பம் 46 கிலோஜூல். வெறும் 20 கிராம் தண்ணீரை ஆவியாக்கும். சட்டி சட்டென்று ஆறிவிடுகிறது, கறி தண்ணீர் விடுகிறது, அடுப்பைக் கூட்டினால் தீ படும் வட்டத்தில் மட்டும் அடிப்பிடிக்கிறது. உடனே கை எண்ணெய்க் கிண்ணத்துக்குப் போகிறது. அதே இடத்தில் 2.7 கிலோ வார்ப்பிரும்பு 124 கிலோஜூல் தரும், 55 கிராம் தண்ணீர் போகும். சூடும் அடி முழுக்கப் பரவி நிற்கும். பழகிய இரும்பின் மேல் எண்ணெய் காய்ந்து படிந்த கறுப்புப் பூச்சு, ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும் வேலையையும் ஏற்றுக்கொள்கிறது.

ஆக என் கணக்கில் சட்டியின் அளவு இப்படி வருகிறது: அடி 24 சென்டிமீட்டர், சமமாக, 4 மில்லிமீட்டர் கனம். சுவர் 7 சென்டிமீட்டர் உயரம், மூன்றரை மில்லிமீட்டர் கனம். எடை 2.7 கிலோவை ஒட்டி நிற்கும். மேலே கனமான மூடி ஒரு கிலோ. கறியும் சேர்ந்தால் 4.7 கிலோ. ஆகவே நீளக் கைப்பிடி கூடாது, இரண்டு பக்கமும் காது வேண்டும். கனத்துக்காகக் கூடுதல் கேஸ் ஆகாதா என்றால், ஆகும். வீட்டு கேஸ் அடுப்பில் வெப்பத்தில் 40 சதவீதம் கறிக்கும் சட்டிக்கும் சேர்கிறது என்று வைத்தால், கனமான சட்டியைச் சூடாக்கக் கூடுதலாக 7 கிராம் கேஸ். சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 868.50 ரூபாய் என்ற 2025 ஏப்ரல் விலையில் 44 காசு. வருஷத்துக்கு 23 ரூபாய்.

மூடியைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு கிலோ கறியை அந்த அடியில் பரப்பினால் மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குக் குவிந்து நிற்கும். குவியலை வறுக்க முடியாது, அது வேகத்தான் செய்யும். வேகட்டும். மூடிவைத்தால் கறி விட்ட தண்ணீரிலேயே வேகும் (கோழிக்குச் சொல்கிறேன், ஆட்டுக்கறியைக் குக்கரில் வேகவைத்துக்கொண்டு வருவதே நல்லது). பிறகு மூடியைத் திறந்து ஏறக்குறைய 250 கிராம் தண்ணீரை வற்றவிட வேண்டும். தண்ணீர் இருக்கும்வரை சட்டிக்குள் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கறி சிவக்க 140 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே முதலில் ஊற்றும் 100 மில்லி, சிவக்கும் வேலைக்கு அரை மணி நேரம் காத்துக்கிடக்கிறது. வெங்காயம் வதக்க 15 மில்லி, தண்ணீர் வற்றிய பிறகு சுற்றிலும் 15 மில்லி. மொத்தம் 30, எடையில் 27 கிராம். ஒருவருடைய ஒரு நாள் பங்கு, நாலு பேருக்கு.

குறையும் சொல்லிவிடுகிறேன். தக்காளி, தயிர், எலுமிச்சை அதிகம் சேரும் கறிக்கு இந்தச் சட்டி ஆகாது. புளிப்பு அந்தக் கறுப்புப் பூச்சைத் தின்றுவிடும். கழுவி ஈரத்தோடு கவிழ்த்துவைத்தால் மறுநாள் துரு.

ஒட்டாத பூச்சுச் சட்டியைச் சுருக்கமாகத் தாண்டிவிடலாம். டெஃப்லான் 1938இல் வேதியியலாளர் ராய் பிளங்கட்டுக்கு ஆய்வகத்தில் தற்செயலாகக் கிடைத்த பொருள். 1956இல் பிரான்சில் தொடங்கிய டெஃபால் நிறுவனம் அதைச் சட்டியில் ஏற்றி விற்றது. எண்ணெய் குறைவது உண்மை. ஆனால் 260 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, நம் இரும்புக் கரண்டியும் படக் கூடாது. இரண்டு நிபந்தனையையும் காப்பாற்றிக் கறி வறுப்பவர்களை நான் பார்த்ததில்லை.

ஏர் ஃபிரையர் வேறு சாதி. நெதர்லாந்துக்காரர் ஃபிரெட் வான் டெர் வெய் உருவாக்கியதை ஃபிலிப்ஸ் 2010இல் பெர்லின் கண்காட்சியில் வைத்தது. சூடான காற்றே எண்ணெயின் வேலையைச் செய்கிறது, கொழுப்பு கூடைக்குக் கீழே சொட்டுகிறது. சொட்டும் கொழுப்பு தீயில் விழாதது இதன் பெரிய நன்மை. கரியில் விழுந்தால் எழும் புகையில் புற்றுநோயை உண்டாக்கும் பென்சோபைரீன் இருக்கும், சுட்ட இறைச்சியில் அதற்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்த வரம்பு கிலோவுக்கு 5 மைக்ரோகிராம். ஆனால் 4 லிட்டர்க் கூடையில் ஒரே அடுக்காகப் பரப்பினால் அரைக் கிலோதான் பிடிக்கும். ஒரு கிலோவுக்கு இரண்டு ஈடு, ஈட்டுக்கு 1,500 வாட்டில் 20 நிமிடம், மொத்தம் ஒரு யூனிட். பொரித்த கோழிக்குப் பதிலாக இது சரி. மசாலா சுருண்டு வரும் வறுவல் இதில் வராது.

பொரிப்பதைச் சொல்லும்போது, எண்ணெயின் பெரும்பகுதி கறிக்குள் போவது கொதிக்கும்போது அல்ல, வெளியே எடுத்து ஆறும்போது. உள்ளே ஆவி சுருங்கி மேற்பரப்பு எண்ணெயை இழுத்துக்கொள்கிறது. ஆகவே தட்டில் குவிக்காமல் சல்லடைக் கரண்டியிலேயே உதறி, கம்பி வலையில் போடுவது லாபம். மிஞ்சிய எண்ணெய்க்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் வைத்த வரம்பு, எண்ணெய் கெடக் கெடக் கூடும் மொத்தத் துருவச் சேர்மம் 25 சதவீதம். வீட்டில் அதை அளக்க எளிய வழியில்லை.

இனி ரூபாய்க் கணக்கு. வாரம் 70 மில்லி மிச்சம், வருஷத்துக்கு 3.64 லிட்டர். சட்டி விலை 1,200 ரூபாய் என்றும் ஏர் ஃபிரையர் 6,000 என்றும் வைக்கிறேன். ஏர் ஃபிரையரில் மிச்சம் வாரம் 90 மில்லி, யூனிட் 4.80 ரூபாய், அதன் கேஸ் மிச்சத்தையும் கணக்கில் சேர்த்தாயிற்று. சட்டிக்கான கூடுதல் கேஸ் 23 ரூபாயை மட்டும் இங்கே கழிக்கவில்லை.

செக்கு எண்ணெய், லிட்டர் ரூ.260: சட்டியில் மிச்சம் ரூ.946, ஏர் ஃபிரையரில் ரூ.1,126
ரீஃபைண்ட் ஆயில், லிட்டர் ரூ.150: சட்டியில் ரூ.546, ஏர் ஃபிரையரில் ரூ.611
ரேஷன் பாமாயில், லிட்டர் ரூ.25: சட்டியில் ரூ.91, ஏர் ஃபிரையரில் ரூ.26

செக்கு எண்ணெய் வாங்கும் வீட்டில் சட்டி பதினைந்து மாதத்தில் முதலைத் திருப்பும், ஏர் ஃபிரையருக்கு ஐந்தேகால் வருஷத்துக்குச் சற்று மேல் ஆகும். பாமாயில் வீட்டில் சட்டிக்குப் பதின்மூன்று வருஷம், ஏர் ஃபிரையருக்கு 230 வருஷம். கொள்ளுப் பேரனின் கொள்ளுப் பேரன் லாபம் பார்ப்பான்.

260 ரூபாய் என்பது ஆடம்பர விலையும் அல்ல. 2025-26 பருவத்துக்கு நிலக்கடலையின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். ஒரு லிட்டருக்கான 3.3 கிலோ காய் மட்டும் 240 ரூபாய் ஆகிறது. அதற்கு மேல் உடைப்புக் கூலி, செக்குக் கூலி, கழிவாகப் பிண்ணாக்கு வரவு. இப்படி விளைவிக்கிறவர் வீட்டு அடுப்பில் பல நேரம் கொதிப்பது கடல் தாண்டி வந்த 25 ரூபாய்ப் பாமாயில். அந்த விலையில் சட்டியை மாற்றச் சொல்லி யாரையும் பணக் கணக்கால் சம்மதிக்கவைக்க முடியாது. உடம்புக் கணக்கு மட்டுமே மிச்சம்: வாரத்துக்கு 64 கிராம் எண்ணெய், 570 கலோரி, நாலு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 140 சொச்சம். வீட்டின் மொத்த எண்ணெயில் பார்த்தால், தேசிய சராசரிப்படி நான்கு பேருக்கு ஆண்டுக்கு சுமார் 87 லிட்டர், அதில் இந்த 3.64 லிட்டர் 4 சதவீதம். எண்ணெயைப் பத்து சதவீதம் குறையுங்கள் என்று 2025 பிப்ரவரியில் பிரதமர் வானொலியில் கேட்டார். கறிச்சட்டி ஒன்றே அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கொண்டுவருகிறது. மீதியைத் தோசைக்கல்லிலும் அப்பளச் சட்டியிலும்தான் தேட வேண்டும்.

வாங்கலாமா வேண்டாமா என்று கேட்பவருக்கு ஒரே எண் போதும். கேஸ் செலவு 23 ரூபாயையும் சேர்த்துப் பார்த்தால், லிட்டர் 171 ரூபாய்க்கு மேல் எண்ணெய் வாங்குகிற வீட்டில் 1,200 ரூபாய்ச் சட்டி இரண்டு வருஷத்துக்குள் விலையைத் திருப்பிவிடும்.