திட்டை எடுத்துப் பாட்டாக்கியவர்

1981-ஐ சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு என்று ஐ.நா. அறிவித்தது. பிரிட்டனில் அதற்குத் தபால்தலைகூட வெளியிட்டார்கள். ராக் பாடகர் இயன் டூரிக்கு மட்டும் எரிச்சல். 1982 பிறந்ததும் எல்லோருக்கும் குணமாகிவிடுமா என்று கேட்டார். கேட்க அவருக்கு உரிமை இருந்தது. ஏழு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் அவருடைய இடது கையையும் காலையும் சூம்ப வைத்திருந்தது.

அந்த எரிச்சலில் பிறந்த பாட்டு 'ஸ்பாஸ்டிகஸ் ஆட்டிஸ்டிகஸ்'. மூளை முடக்குவாதம் உள்ளவர்களைக் குறித்த மருத்துவச் சொல் 'ஸ்பாஸ்டிக்'. நம் ஊரில் 'நொண்டி' என்று கத்துவதுபோல, பிரிட்டிஷ் பள்ளி மைதானங்களில் அது வசவாகிவிட்டது. டூரி அந்த வசவின் வாலில் ரோமானிய அடிமைகளின் தலைவன் ஸ்பார்டகஸின் பெயரை ஒட்டினார். 1960-ல் வந்த ஹாலிவுட் படத்தில், தலைவனைக் காட்டிக் கொடுக்காமல் அடிமைகள் ஒவ்வொருவராக எழுந்து "நான்தான் ஸ்பார்டகஸ்" என்பார்களே, பாட்டின் முடிவிலும் அதே கூத்துதான். யாரைத் திட்டினீர்களோ அவர்கள் வரிசையாக எழுந்து ஆஜர் சொல்கிறார்கள்!

பி.பி.சி. மாலை ஆறு மணிக்கு முன் அதை ஒலிபரப்ப மறுத்தது. மைதானத்தில் அந்தச் சொல்லை நாள்தோறும் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்காக யாரும் எதையும் தடை செய்யவில்லை. கால் விளங்காத ஒருவர் அதையே சிரித்துக்கொண்டு பாடியதும் கேட்டவர்களின் காது கூசிவிட்டது. வேடிக்கைதான்.

எனக்கும் ஒரு நெருடல் உண்டு. டூரிக்கு வந்தது போலியோ. மூளை முடக்குவாதமோ ஆட்டிசமோ அல்ல. அடுத்தவர் மேல் விழுந்த வசவை இவர் எடுத்துக்கொள்ளலாமா? வசவைக் கத்தியவர்கள் மருத்துவச் சான்றிதழ் பார்த்துக் கத்தவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். இன்றும் அந்தச் சொல்லைக் கேட்டால் கொதிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கோபமும் நியாயமே.

சொல்லை மாற்றினால் தீர்ந்துவிடும் என்று நினைத்தவர்களும் உண்டு. மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கான 'ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி' என்ற அமைப்பு 1994-ல் 'ஸ்கோப்' ஆனது. பிள்ளைகள் 'ஸ்கோப்' என்பதையும் வசவாக்கிவிட்டார்கள்.

இடையில் டூரியின் துடுக்கு தெருவுக்கும் வந்தது. தொலைக்காட்சியில் அழுகாட்சி காட்டி நிதி திரட்டிய ஐ.டி.வி.யின் 'டெலிதான்' நிகழ்ச்சிக்கு எதிராக, 1990-லும் 1992-லும் மாற்றுத்திறனாளிகள் லண்டனில் திரண்டார்கள். 'உங்கள் இரக்கத்தின் மேல் மூத்திரம் பெய்கிறோம்' என்பது அவர்கள் சட்டையில் இருந்த வாசகத்தின் பொருள். 1992-க்குப் பிறகு டெலிதான் நடக்கவில்லை.

டூரி 2000-ல் புற்றுநோயால் இறந்தார். 2012 ஆகஸ்ட் 29 அன்று எலிசபெத் அரசியார் தொடங்கிவைத்த லண்டன் பாராலிம்பிக் விழாவில் அந்தப் பாட்டு முழங்கியது. பாடியவர்கள் கிரேஐ நாடகக் குழுவின் மாற்றுத்திறனாளிக் கலைஞர்கள். விழாவை வடிவமைத்த இருவரில் ஒருவர், காது கேளாத ஜென்னி சீலி.

அடுத்த வாரம் அமெரிக்காவின் போர்ட்லாந்துக்குப் போவோம். 21 வயதில் கார் விபத்தில் உடல் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடி ஊரையே வம்புக்கிழுத்த கேலிச்சித்திரக்காரர் ஜான் கலஹான் அங்கே காத்திருக்கிறார். அதற்குள் டூரியின் பாட்டைத் தேடிக் கேட்டுவிடுங்கள். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியே வையுங்கள்.

(தொடரும்)