இலவசம் என்றாலும் வராதவர்கள்

தென் தமிழகக் கிராமங்களில் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்திவந்த முகாம்களைப் பற்றி 1999-ல் ஓர் ஆய்வு வெளியானது. முகாம் போட்ட பகுதிகளில் கண் கோளாறு இருந்த பெரியவர்களில் ஏறத்தாழ 7 சதவீதம் பேர்தான் முகாம் பக்கம் வந்திருந்தார்கள். பரிசோதனைக்கும் கட்டணமில்லை, அறுவைசிகிச்சைக்கும் கட்டணமில்லை. பிறகும் ஏன் வரவில்லை? படிக்காத சனம், சொன்னால் புரியாது என்று பழியை அவர்கள்மேல் போட்டுவிடுவது சுலபம். ஆனால் கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஆஸ்பத்திரி என்றால் அவருடைய கூலி போகும். துணைக்கு வரும் மகனின் கூலியும் போகும். பஸ் காசு, வெளியூர்ச் சாப்பாடு, வீட்டில் ஆடுமாட்டையும் பேரப்பிள்ளையையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் என்று கணக்கு நீளும். இத்தனைக்கும் மேல் கத்தி படுமே என்ற பயம், வயதானால் பார்வை மங்கத்தான் செய்யும் என்ற விரக்தி. விலையைப் பூஜ்யமாக்கிய பின்னும் செலவு பூஜ்யமாகவில்லை. குறைந்த வருமானம் உள்ளவர்களுக்காகப் பொருளோ சேவையோ உருவாக்க நினைக்கும் எந்தத் தொழில்முனைவோரும் முதலில் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய இடம் இது.

இந்தத் துறையில் நெடுநாள் செல்வாக்குடன் இருந்த கருத்து வேறு. கோயம்புத்தூரில் பிறந்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த சி.கே. பிரகலாத், ஏழைகளைப் பெரும் சந்தையாகப் பார்க்கும்படி 2004-ல் வெளியான தன் நூலில் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டார். அதில் அரவிந்தின் கதையும் உண்டு. ஆனால் பல நிறுவனங்கள் அந்த நூலிலிருந்து எடுத்துக்கொண்டது ஷாம்பு பாக்கெட் பாடத்தைத்தான்: பெரிய பாட்டிலில் இருப்பதைச் சின்ன உறையில் அடைத்துச் சில்லறைக் காசுக்கு விற்பது. அதே பல்கலைக்கழகத்தின் அனீல் கர்னானி இதைக் கடுமையாக மறுத்தார். ஏழைகளிடம் செலவழிக்கப் பணம் குறைவு. அவர்களை வாங்குபவர்களாக மட்டும் பார்க்காமல் உற்பத்தி செய்பவர்களாகப் பார்த்து வருமானத்தை உயர்த்துங்கள் என்பது அவர் வாதம். நடந்ததும் அவர் பக்கம் பேசுகிறது. குடிநீரைச் சுத்தப்படுத்தும் பொடியைச் சின்னப் பொட்டலமாக விற்கப் பார்த்த பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம், லாபம் வராமல் அதைத் தொண்டுத் திட்டமாக மாற்றிக்கொண்டது. விற்பனையில் வென்ற பாக்கெட்டுகளோ சாக்கடையை அடைத்துக் கிடக்கின்றன. பல அடுக்குப் பிளாஸ்டிக் என்பதால் பழைய பொருள் வாங்குபவர்கூட அவற்றைத் தொடுவதில்லை. அளவைச் சுருக்கியதால் வாங்க முடிந்தது என்பது உண்மை. ஆனால் பொருளின் செலவுக் கட்டமைப்பு அப்படியே இருந்தது, குப்பை மட்டும் கூடியது.

அரவிந்த் கைவைத்தது அந்தக் கட்டமைப்பில்தான். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அது. கண்புரை சிகிச்சையில் மிக அரிதான வளம் மருத்துவரின் நேரம். எனவே நோயாளியைத் தயார்ப்படுத்துவது, அளவெடுப்பது, விளக்கிச் சொல்வது எல்லாம் வேறு கைகளுக்கு மாறின. அந்தக் கைகள் பெரும்பாலும் கிராமத்துப் பெண்களுடையவை. பள்ளிப்படிப்பு முடித்து இங்கே இரண்டு ஆண்டு பயிற்சி பெற்றவர்கள். ஒரு மேசையில் அறுவை முடியும்போது பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார். இதனால் ஒரு மருத்துவரால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 அறுவைசிகிச்சை செய்ய முடிகிறது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் இறக்குமதியாகி நூறு டாலர் அளவில் விற்ற காலத்தில், 1992-ல் ஆரோலேப் என்ற ஆலையைத் தொடங்கி, விலையைப் பத்து டாலர் அளவுக்கும் பிறகு அதற்கும் கீழேயும் கொண்டுவந்தார்கள். பணம் கட்டுபவர்களின் கட்டணம்தான் கட்ட முடியாதவர்களின் செலவையும் தாங்குகிறது. வேலையும் அதே ஊர்களுக்குப் போகிறது என்பதால் கர்னானியின் கேள்விக்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது.

இவ்வளவு வேகமாகச் செய்தால் தரம் கெடாதா என்று கேட்பது நியாயம். பிரிட்டனின் கணக்கெடுப்போடு ஒப்பிட்டபோது இங்கே சிக்கல்களின் விகிதம் அதைவிட மோசமாக இல்லை. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கை தேர்ச்சி பெறுகிறது. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 2017-ல் வெளியான இன்னொரு ஆய்வு. அரவிந்தில் ஒரு கண்புரை அறுவையால் வெளியாகும் பசுமைக்குடில் வாயு, கரியமில வாயுக் கணக்கில், சுமார் 6 கிலோ. பிரிட்டனில் அதே சிகிச்சைக்கு ஆவதில் அது இருபதில் ஒரு பங்குதான். கருவிகளையும் துணிகளையும் கிருமி நீக்கி மறுபடி பயன்படுத்துவதே பெரிய காரணம், தொற்றும் கூடவில்லை. பொருளை வீணாக்க வசதியில்லாத இடத்தில் பிறந்த சிக்கனம் சுற்றுச்சூழலையும் காத்திருக்கிறது. மலிவு வேண்டுமென்றால் மாசைச் சகித்துக்கொள்ள வேண்டும் என்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

கண்புரை தனி ரகம், ஒருமுறை செய்தால் தீர்ந்தது, மற்ற தொழில்களுக்கு இது பொருந்தாது என்பார்கள். பாதி உண்மை. வாழ்நாள் முழுக்க மருந்து வேண்டிய சர்க்கரை நோய்க்கு இந்த வேகம் உதவாது. ஆனால் சிகிச்சை முறையைக் கடன் வாங்க வேண்டாம், யோசிக்கும் முறையை வாங்கலாம். பெங்களூரில் 1995-ல் தொடங்கிய செல்கோ நிறுவனம், சூரிய விளக்கு விற்கப் போனபோது, தினம் பத்து ரூபாய் கொடுக்க முடிகிற தள்ளுவண்டிக்காரருக்கு மாதம் முந்நூறு ரூபாய் மலையாகத் தெரிவதைக் கண்டது. தொகை ஒன்றுதான், பணம் கைக்கு வரும் நேரம் வேறு. விளக்கின் விலையோடு நிற்காமல், தவணையை அவரவர் வருமானம் வரும் நாளுக்கு ஏற்ப மாற்றும்படி வங்கிகளோடு பேசுவதும் செல்கோவின் வேலையானது.

இதெல்லாம் அரசின் கடமையல்லவா என்ற கேள்வியும் மிச்சமிருக்கிறது. கடமைதான். பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தில் அரசு தரும் தொகையும் முகாம் நோயாளிகளுக்கு உதவியிருக்கிறது. அரசை விலக்கிவிட்டு வியாபாரம் மட்டும் இதைச் சாதிக்கும் என்பதை நான் ஏற்கவில்லை. ஆனால் எந்தப் பணத்தில் வளர்கிறோம் என்பது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும். அரவிந்த் ஓர் அறக்கட்டளை. பெரும்பாலும் தன் உபரியிலிருந்தே வளர்ந்தது. 2004 முதல் சிற்றூர்களில் பார்வை மையங்களைத் திறந்து, பயிற்சி பெற்ற பணியாளர் பரிசோதிக்க, மருத்துவர் திரையில் பார்த்து ஆலோசனை சொல்லும் ஏற்பாட்டைச் செய்ய அந்தப் பணத்தால் முடிந்தது. வீட்டுக்குப் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ள முடிந்தால் ஒரு நாள் கூலி தப்புகிறது. சில ஆண்டுகளில் முதலைப் பல மடங்காகத் திருப்பிக் கேட்கும் முதலீட்டாளர் பின்னால் நின்றிருந்தால், அந்த உபரி, பணம் கட்டுபவர்களுக்கான இன்னொரு நகரக் கிளைக்குத்தான் போயிருக்கும்.