டிராகன் எரித்த ஊரும் பேராக் ரசிகர்களின் வழக்கும்

2019 மே 20, திங்கட்கிழமை. விசாக தினம் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டதால் மலேசியாவில் மறுநாளும் விடுமுறை. காலை ஒன்பது மணிக்கு, அமெரிக்காவில் ஒளிபரப்பான அதே நேரத்தில், 'கேம் ஆஃப் திரோன்ஸ்' தொடரின் கடைசி அத்தியாயம் இங்கும் ஓடியது. எட்டுப் பருவங்கள், 73 அத்தியாயங்கள். முடிந்ததும் உலகம் இரண்டுபட்டது. கடைசிப் பருவத்தை வேறு எழுத்தாளர்களை வைத்துத் திரும்ப எடுக்கச் சொன்ன மனுவில் 15 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருதும் அதற்கே கிடைத்தது.

அந்தச் சண்டை பேராக்கில் இன்னும் ஓயவில்லை. அதன் முன்கதைத் தொடரான 'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' வந்தபிறகு மறுபடியும் சூடு பிடித்திருக்கிறது. ஈப்போவில் நாலு இளைஞர்கள் தேநீர்க் கடையில் உட்கார்ந்தால் பேச்சு டிராகன் ராணி டேனெரிஸில் வந்து நிற்கிறது. புந்தோங்கில் கச்சாங் பூத்தே வாங்கப் போன இடத்தில், முறுக்கைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த பையன் வியாபாரத்தை மறந்து வாதாடினான். முடிவில் பிரான் அரசனானதை அவனால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. எட்டு வருடம் வாளெடுத்துச் சண்டை போட்டவர்கள் நிற்க, சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனுக்கு மணிமுடியா என்பது அவன் ஆத்திரம்.

நான் கேட்ட கருத்துகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது சுங்கை சிப்புட் பக்கத்துப் பாட்டி ஒருவருடையது. சிறு வயதிலேயே பால்மரக் காட்டில் இறங்கியவர். தோட்டம் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்து வீடுகள் இடிந்தபின் தாமான் வீட்டில் மகனோடு இருக்கிறார். பேத்தி கதையைத் தமிழில் சொல்லச் சொல்ல, முழுத் தொடரையும் பார்த்து முடித்தவர். மங்கு கழுவிக் காய்ப்பேறிய விரல்களால் வெற்றிலை நரம்பைக் கிள்ளிக்கொண்டே அவர் கேட்டது ஒரே கேள்விதான்: சரணடைந்ததாக மணி அடித்த பிறகும் அந்தப் பெண் ஏன் ஊர்ச் சனத்தை எரித்தாள்? யாருக்கு நாற்காலி என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. எரிந்துபோனவர்களைப் பற்றிக் கடைசி அத்தியாயத்தில் சரியாக யாரும் அழவில்லை என்பதே அவருடைய குறை.

ஊரை எரித்த பெண் தமிழர்களுக்குப் புதியவள் இல்லை. சிலப்பதிகாரத்தில் கண்ணகி மதுரையை எரித்தாள். அவளைக் கோயில் கட்டிக் கும்பிடுகிறோம். டேனெரிஸ் தலைநகரான கிங்ஸ் லேண்டிங்கை எரித்தபோது மட்டும் ஏன் மனசு ஒப்பவில்லை? தீக்கடவுளுக்குக் கண்ணகி ஒரு வரம்பு சொல்கிறாள். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிட்டுத் தீயவர்கள் பக்கம் போ என்கிறாள். டேனெரிஸின் நெருப்புக்கு அப்படி வரம்பே இல்லை. கண்ணகியின் கோபத்துக்கு முன்னால் சிலம்பு உடைகிறது, மன்னன் தன் தவற்றை ஒப்புக்கொண்டு உயிர் விடுகிறான். எரிந்தபின் மதுராபதித் தெய்வமே நேரில் வந்து முன்வினைக் கதையைச் சொல்கிறது. அதாவது, இளங்கோவடிகள் எரிந்த ஊருக்குக் கணக்குக் கொடுக்கிறார். இந்தத் தொடர் அந்தக் கணக்கைக் கொடுக்காமல் நகர்ந்துவிட்டது.

டேனெரிஸ் திடீரென்று மாறிவிட்டாள் என்று சொல்பவர்களோடு நான் உடன்பட மாட்டேன். மீரீன் நகரத்தில் 163 எஜமானர்களைச் சிலுவையில் அறைந்தவள் அவள். ஏழாம் பருவத்தில் மண்டியிட மறுத்த டார்லி குடும்பத்துத் தந்தையையும் மகனையும் டிராகன் நெருப்புக்கு இரையாக்கியவள். விதை முதலிலேயே போடப்பட்டிருந்தது. முதல் ஆறு பருவங்கள் பத்துப் பத்து அத்தியாயங்களாக வந்தன; ஏழாவது ஏழாகவும் எட்டாவது ஆறாகவும் சுருங்கின. அந்த அவசரத்தில் அவள் மனசு உடைவதைப் பார்வையாளர் கூடவே இருந்து பார்க்க முடியவில்லை. தொடரின் மூலக்கதையை எழுதிய மார்ட்டினின் ஐந்து நூல்களையும் படித்த ஈப்போ ஆசிரியை ஒருவரும் இதையேதான் சொன்னார்: முடிவில் தப்பில்லை, வந்து சேர்ந்த வேகத்தில்தான் தப்பு. ஐந்தாம் நூல் வந்தது 2011இல். ஆறாவதுக்காக அவர் இன்னும் காத்திருக்கிறார்.

முடிவைப் பற்றி ஊரே கட்சி கட்டிப் பேசுவதும் நமக்குப் பழகியதே. மலாயாத் தோட்டங்களுக்கு ஆட்களை அனுப்பிய தஞ்சை வட்டாரத்தில் காமன் பண்டிகையின்போது லாவணி நடக்கும். சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தானா இல்லையா என்பது வழக்கு. எரிந்த கட்சி ஒரு பக்கம், எரியாத கட்சி மறுபக்கம். டேப் வாத்தியத்தை அடித்துக்கொண்டு விடிய விடியப் பாட்டாலேயே கேள்வியும் பதிலும். கதை எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் வருடா வருடம் புதிதாக வாதாடினார்கள்.

முடிவைப் பற்றிக் கேள்வி கேட்கப்படும் கதி எழுத்தாளர் கல்கிக்கும் வந்தது. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வாரா வாரம் வந்த 'பொன்னியின் செல்வன்' முடிந்ததும், அப்புறம் என்ன ஆயிற்று, அவர் என்ன ஆனார், இவர் யாரைக் கட்டிக்கொண்டார் என்று வாசகர்கள் துளைத்தெடுத்தார்கள். அவர் எரிச்சல்படவில்லை. முடிவுரை எழுதி, கேள்விகளை வரிசையாக எடுத்துக்கொண்டு பதில் சொன்னார். கப்பலில் பினாங்கு வந்து இறங்கிய அந்த இதழ்களுக்காக இங்கேயும் ஆட்கள் காத்திருந்தார்கள். கதையில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற கேள்வியை, 2023இல் மணிரத்னம் எடுத்த படத்தின் இரண்டாம் பாகத்தைப் பார்த்துவிட்டு வந்த பேரப்பிள்ளைகளும் கேட்டார்கள். தன் வாசகரை மதித்த எழுத்தாளர் செய்ய வேண்டியதைக் கல்கி செய்தார். 'கேம் ஆஃப் திரோன்ஸ்' தொடரை எழுதிய பெனியோஃபும் வைஸும் அப்படி ஒரு முடிவுரை தந்திருந்தால் பாதிக் கோபம் அடங்கியிருக்கும்.

கடைசி அத்தியாயத்தில் பேராக்காரர்கள் கவனிக்க வேண்டிய காட்சி ஒன்று உண்டு. அடுத்த அரசனைப் பிரபுக்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். சாம்வெல் டார்லி எழுந்து, ஆளப்படுகிற மக்களே ஏன் தேர்ந்தெடுக்கக் கூடாது என்கிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். காட்சி அதோடு சரி. சுங்கை சிப்புட்டுக்காரருக்கு அந்தச் சிரிப்பு உறுத்தாமல் இருக்காது. 1974 முதல் அந்தத் தொகுதியைக் கையில் வைத்திருந்த சாமிவேலுவை 2008 பொதுத்தேர்தலில் வாக்குச்சீட்டால் இறக்கி, டாக்டர் ஜெயக்குமார் தேவராஜை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய ஊர் அது. தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் கிராணி பேர் கூப்பிடக் காத்து நின்றவர்களும் அவர்களின் பிள்ளைகளும் அந்த வாக்காளர்களில் இருந்தார்கள். அவர்கள் கண்ணுக்கு, இரும்புச் சிம்மாசனத்தை டேனெரிஸின் டிராகனான டிரோகன் உருக்கிய காட்சி அழகு. அதற்குப் பிறகு நடந்த கூட்டம் பழைய கதை.

'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' நான்கு பருவங்களோடு முடியும் என்று அறிவித்திருக்கிறார்கள். அதன் மூலநூல் 2018இலேயே வந்துவிட்டதால் படித்தவர்களுக்கு முடிவு தெரியும். தயவுசெய்து மற்றவர்களிடம் உடைத்துவிடாதீர்கள். படிக்காதவர்கள், அதன் நாயகி ரைனீராவின் கதை எப்படி முடிய வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். வீட்டில் பாட்டி தாத்தா கூட உட்கார்ந்து பார்த்தால், அவர்கள் சொல்வதையும் கேட்டு எழுதுங்கள்.