நம் வீட்டுச் செய்தி யார் கையில்?

வெண்ணாற்றங்கரை ஊர் ஒன்றிலிருந்து உழவர் ஒருவர் அண்மையில் என்னைக் காண வந்தார். குறுவை அறுவடையை முடித்துவிட்டு மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தவர். தமக்குச் சிறுநீரகக் கோளாறு இருக்குமோ என்னும் அச்சத்தில், மனைவியிடமும் சொல்லாமல், இரவில் கைப்பேசியில் அந்நோயைப் பற்றித் தேடிப் படித்திருக்கிறார். மறுநாள் முதல் நெல் விலை பார்த்தாலும் செய்தி படித்தாலும் சிறுநீரகச் சிகிச்சை விளம்பரமே எதிரில் வந்து நின்றது. வரன் வீட்டுப் பெரியவர் செய்தி பார்ப்பதற்காக அக்கைப்பேசியை வாங்கியபோது, அவர் கண்ணிலும் அது பட்டுவிட்டது.

"நான் யாரிடமும் சொல்லவில்லையே, சாமி! யார் சொன்னது?" என்று கேட்டார்.

இணையத்தளம் ஒன்றைத் திறந்ததும், 'குக்கி' எனப்படும் சிறு குறிப்பை அது நம் கைப்பேசியில் பதித்து வைக்கிறது. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மான்டுலி வகுத்த முறை இது. மறுமுறை வருபவரை அடையாளம் காண்பதற்கே ஏற்பட்டது. தெருமுனைக் கடைக்காரரின் பற்றுநோட்டைப் போன்றது. அதில் தீங்கில்லை. ஆனால் ஒரே விளம்பர நிறுவனம் பற்பல தளங்களிலும் தன் குறிப்பைப் பதிக்கும்போது நிலைமை மாறுகிறது. கல்லணையில் ஓர் ஆறு பலவாகப் பிரிகிறது. இங்கோ பல வாய்க்கால்கள் ஒரே ஏரியில் வந்து கூடுகின்றன. எதைப் படித்தோம், எதை வாங்கினோம் என்பனவெல்லாம் ஒன்றுசேர்ந்து வாணிபப் பொருளாகின்றன. இலவசமென்று நாம் எண்ணுபவற்றிற்கு இவ்வாறே விலை கொடுக்கிறோம்.

"மறைப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது?" என்பர் சிலர். நோயும் கடனும் குடும்பப் பிணக்கும் குற்றங்களல்ல. ஆயினும் அவற்றை யாரிடம் சொல்வது என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமையே என 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களுக்குரிய கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளன. 18 வயது நிறையாத பிள்ளைகளின் விவரங்களைப் பயன்படுத்தப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்பதும், சில விலக்குகள் நீங்கலாக, அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிக்கலாகாது என்பதும் அச்சட்டத்தில் உள்ளன. பெற்றோர் இதனை அறிந்திருத்தல் நன்று.

சட்டம் ஒருபுறமிருக்க, நாம் செய்யத்தக்கவையும் உள. 'அனைத்தையும் ஏற்கிறேன்' என்ற பொத்தானை அவசரப்பட்டு அழுத்த வேண்டாம். மறுக்க வழியிருப்பின் மறுத்துவிடுங்கள். உலாவியின் அமைப்புகளில், பிற நிறுவனங்களின் குக்கிகளைத் தடுத்து வையுங்கள். சேர்ந்துள்ளவற்றை அவ்வப்போது அழித்துவிடுங்கள். டார்ச் விளக்குச் செயலி நம் இருப்பிடத்தைக் கேட்டால், எதற்கென்று எண்ணிப் பாருங்கள். 'மறைநிலை'ச் சாளரம் தேடிய விவரத்தை வீட்டாரிடமிருந்து மறைக்குமேயன்றித் தளத்தாரிடமிருந்து முற்றிலும் மறைக்காது.

பரிசோதனையில் அவ்வுழவருக்கு நோய் ஏதுமில்லை என்று தெரிந்தது. ஆனால் வரன் வீட்டார் திரும்பி வரவில்லை. அவருடைய அச்சத்தை முதலில் அறிந்திருக்க வேண்டியவர் அவர் மனைவி. முதலில் அறிந்ததோ முகமறியா ஒரு நிறுவனம். இன்றிரவு உங்கள் இல்லத்துக் கைப்பேசியைப் பிள்ளைகளோடு அமர்ந்து ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.